மாத்திரைக்கு வாசனை இல்லை

முதலில் நெஞ்சுக்குழியில் எரிச்சல்தான். புளியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனதும் பயந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். இரைப்பையில் புண். காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி (இரைப்பைச் சுவரில் குடியேறும் பாக்டீரியா).

என் கொழுந்தன் மனைவி வள்ளிக்கும் இதே கிருமி இருந்து, இரண்டு மாதம் முன்புதான் குணமானது. ஒன்பது வருஷமாக ஒரே வீடு, ஆனால் எங்கள் வழக்கப்படி கல்யாணமானதும் ஒவ்வொரு மகனையும் தனிச் சமையலோடு வேறு வைத்துவிடுவார்கள். அவள் அடுப்பு அவளுக்கு, என் அடுப்பு எனக்கு. அங்கே என்ன குழம்பு என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்டால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடுமாம்!

எனக்குப் பதினான்கு நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் மானகிரியில் ஒரு கல்யாணம். வாயெல்லாம் கசந்துபோய் நான் உட்கார்ந்திருக்க, வள்ளி பளபளவென்று நின்று எல்லோரிடமும் சொன்னாள்: “எங்கம்மா அனுப்புன அதிமதுரக் கஷாயந்தேன் கேட்டுச்சு.”

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அனுப்பிவைக்க அம்மா இல்லை. அவள் அடுப்படியிலிருந்து தினமும் வந்த கஷாய வாசனை எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை அலமாரியில் போட்டுவிட்டு நானே அதிமதுரம் வாங்கிக் காய்ச்சிக் குடித்தேன்.

அடுத்த பரிசோதனையிலும் கிருமி அப்படியே இருந்தது. “பாதியில நிறுத்தினா பிழைச்ச கிருமிக்கு அதே மருந்து வேலை செய்யாமப் போயிடும். புண்ணுல மறுபடி ரத்தம் கசிஞ்சா ஆபத்தும்மா” என்றார் டாக்டர். இதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறார்கள்.

நேரே வள்ளியிடம் போய்க் கத்தினேன். அவள் பதறிவிட்டாள்.

“ஐயோ ஆச்சி, நான் மாத்திரையும் முழுசா முழுங்குனேனே! அம்மா மனசு குளிரட்டும்னு அப்படிச் சொன்னேன். நீங்க நிப்பாட்டுவீகன்னு கனவா கண்டேன்?”

கஷாயம் மணந்தது. மாத்திரை மணக்கவில்லை. அவ்வளவுதான்.

டாக்டர் மருந்தை மாற்றினார். கிருமிகள் தங்களைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் படலத்தைச் சில தாவரப் பொருள்கள் தளர்த்தலாம், அப்போது ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வழி கிடைக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். “இன்னும் உறுதியாகல. துணைக்கு வரலாம், தனியாச் சண்டை போடாது. அதிமதுரம் பிரஷரை ஏத்தும்; உங்களுக்கு பிரஷர் இல்ல, அதனால கஷாயம் கொஞ்சமாக் குடிங்க” என்றார்.

பதினான்கு நாளும் வள்ளி கஷாயத்தோடு வந்து, நான் மாத்திரையை விழுங்கும்வரை நகராமல் நின்றாள். எரிச்சலாகத்தான் இருந்தது. இதைப் படிக்கும் உங்களுக்கும் பாதியில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை.

பொறாமையும் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். அவள் அம்மாவிடமிருந்து பொட்டலம் வந்தால் இன்னும் சுருக்கென்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று கிடந்த என் நாள் மறுபடி காலை, மத்தியானம் என்று ஆகிவிட்டது. நேற்று அவள் தாளிக்கும் வாசனை வந்தது. வயிறு எரியவில்லை, பசித்தது. அவள் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

“என்ன குழம்பு வள்ளி?”

கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

“இதைக் கேக்க உங்களுக்கு ஒன்பது வருசம் ஆச்சா, ஆச்சி?”