மூன்றாம் முறை திரும்பி வந்த பல் செட்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் நடக்கிற பல் லேபில் மெஹராஜ் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, பல் செட் செய்து கொடுப்பாள். செட் யாருக்குப் போகிறது என்று தெரியாது. அவளைப் பொறுத்தவரை ஒவ்வொருவரும் ஒரு ஜோடி ஈறுதான்.

போன ஜூலையில் செம்பூர் கிளினிக் ஒன்றிலிருந்து ஒரே ஆளுடைய செட் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. ‘லூஸ். லேப் மிஸ்டேக்’ என்று சீட்டில் எழுதியிருந்தது.

மெஹராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளவெடுக்கிற பசை காய்ந்தால் சுருங்கிக் கோணிவிடும். எடுத்த கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். அந்தக் கிளினிக்கில் காலையில் எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டுவைத்து, சாயங்காலம்தான் கொடுத்தனுப்புகிறார்கள். கோணிய அளவுக்குச் செய்த செட் எந்த வாயில் நிற்கும்? போனில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“நேர்ல போய்ச் சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி,” என்றாள் முதலாளி சுடலைக்கண்ணனிடம்.

“டாக்டருக்கு நீ பாடம் நடத்தப் போறியாக்கும்? இன்னொண்ணு செஞ்சு குடுத்துட்டுப் பேசாம இரு.”

“நாலாவதும் திரும்பி வரும். அப்பவும் எந்தலையிலதான போடுவாக?”

மறுநாள் காலையில் பிளாஸ்டர் பொட்டலத்தையும் ரப்பர் கிண்ணத்தையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

கிளினிக் பெஞ்சில் இடமே இல்லை. அந்தச் செட்டுக்குரிய பூலோகம் மறுபடி அளவு கொடுக்க வந்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“பல்லு இல்லாமக்கூட இருந்திருவேன் தாயி,” என்றார், அவள் யாரென்று தெரிந்ததும். “இது பேசும்போது களண்டு விழுது. மக வீட்டு விசேசத்துக்குக்கூடப் போகல.”

மெஹராஜ் பையோடு டாக்டரின் அறைக்குள் போனாள்.

டாக்டர் வந்தனா கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். ஒரு நாற்காலி, ஒரு உதவியாளர், நாளுக்கு நாற்பது பேர். இதில் பிளாஸ்டர் கலக்க ஆளுக்கு எங்கே போவது என்று ஹிந்தியில் கேட்டார். இன்றைக்கு நானே கலக்குகிறேன் மேடம் என்றாள் மெஹராஜ். பூலோகத்தின் அளவு வாயிலிருந்து வந்த கையோடு, கை கழுவும் தொட்டியோரம் நின்று கலக்கி ஊற்றினாள். இறுகும்வரை இருந்து அச்சை எடுத்து வந்தாள். மிச்சப் பிளாஸ்டரை உதவியாளரிடம் கொடுத்து, ஊற்றும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, புதுச் செட்டைப் போட்டுக்கொண்டு பூலோகம் லேபுக்குப் போன் செய்தார். “சப்பாத்தி மென்னு தின்னேன் தாயி,” என்றார். வார்த்தை தெளிவாக விழுந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். அதே கிளினிக்கிலிருந்து ஐந்து அளவுகள் வந்தன. ஐந்தும் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தன. உதவியாளருக்குப் போன் போட்டாள்.

“டைம் நஹி மில்தா, தீதி,” என்றான். நேரமே கிடைப்பதில்லையாம். ஊற்ற வேண்டாம், ஈரத் துணியிலாவது சுற்றி உடனே அனுப்பு என்று கெஞ்சினாள். இரண்டு நாள் ஈரத்தோடு வந்தது. மூன்றாம் நாள் பழையபடி டப்பாவில் காய்ந்து வந்தது.

அவள் பிளாஸ்டரைத் தொடவில்லை. ‘மறுபடி அளவெடுக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரம் அந்தக் கிளினிக் வேலையைக் குர்லாவில் வேறொரு லேபுக்குக் கொடுத்துவிட்டது.

“திருப்தியா?” என்றார் சுடலைக்கண்ணன்.

“அங்க போனா மட்டும் பொருந்திருமா அண்ணாச்சி?”

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மற்ற கிளினிக்குகளின் டப்பாக்கள் வந்திருந்தன. மெஹராஜ் ஒவ்வொரு கிளினிக்காகப் போன் செய்து, எத்தனை மணிக்கு அளவெடுத்தீர்கள் என்று கேட்டாள். இரண்டு பேர் நேரம் சொன்னார்கள். மற்றவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.