மீன் எண்ணெய் மாத்திரை

மூட்டுவலிக்கு டாக்டர் சொன்ன மீன் எண்ணெய் மாத்திரையை, கடிக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியும், அம்மா கடித்துவிட்டாள். வழிந்த எண்ணெயைக் கையால் துடைத்தாள். மட்டாஞ்சேரி வீடு முழுக்க ஒரே மீன் வாடை.

என் சின்ன வயதில் அப்பா தோப்பும்படி துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தார். சாயங்காலம் அவர் வந்ததும் அம்மா சோப்போடு வாசலில் மறிப்பாள்.

"அங்கேயே நில்லுங்க! குளிக்காம உள்ள வரக்கூடாது."

அப்பா சிரித்துக்கொண்டே அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் தடவிவிடுவார். அவள் திட்டிக்கொண்டே முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள்.

அப்பா இறந்து வருஷங்களாகிவிட்டன. இப்போது எண்ணெயைத் துடைக்க நான் ஈரத்துணியோடு ஓடினேன். அம்மா எண்ணெய்க் கையைக் கன்னத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"துடைக்க வேண்டாம் மோளே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."