கடுப்பு என்று சொன்னார்

என் வீட்டுக்காரர் கோபப்படாத நாளே கிடையாது. சோறு குழைந்தால் கோபம், குழையாவிட்டாலும் கோபம். அதனால்தான் அந்த ஒரு சொல்லில் நான் ஏமாந்தேன்.

கல்லங்குறிச்சிப் பக்கம் எங்கள் கொல்லை நிலம். மோட்டார் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய உடம்பு. பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

வலித்தால் மட்டும் போடச் சொல்லி ஓர் ஊசி எழுதியிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி வந்து கேட்டாள்.

"வலிக்குதா தாத்தா?"

"வலின்னு இல்லம்மா. கடுப்பாத்தான் இருக்கு."

"யார் மேல கடுப்பு? பாட்டி மேலயா?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரியலூரில் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைகள் வாயில் கடுப்பு என்றால் எரிச்சல். எலும்புக்குள் விண்விண் என்று தெறித்தால் அதைக் கடுப்பு என்று சொல்லும் ஆளோடுதான் குடும்பம் நடத்தினேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஊசி போடவில்லை. அவர் ராத்திரியெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கண் மூடாமல் கிடந்தார். முறைத்துக்கொண்டு கிடக்கிறார், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடிந்ததும் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். "மோட்டார நிறுத்துங்கடா, வரப்பு ஒடையுது!" என்று கத்தினார். பிடிக்கப் போன என்னை ஒயர் திருட வந்தவள் என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் ஓடி வந்தார். "ஆபரேஷன்லேருந்து ஒரே கடுப்பு சார்" என்று நானே சொன்னேன். டாக்டர் இவர் இடுப்பில் லேசாகக் கை வைத்தார். என் மனுஷன் அலறிய அலறலில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"கோவத்தச் சொல்லலம்மா, கடுக்குதுன்னுதான் சொல்லிருக்காரு" என்றார் டாக்டர். "வயசானவங்களுக்கு வலிய அப்படியே விட்டா தூக்கம் கெட்டு, புத்தி தடுமாறும். அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா அவங்களா கேக்கட்டும்னு இருக்காம நேரா நேரத்துக்கு மருந்து குடுத்திருக்கணும்."

அதன் பிறகு நேரம் தவறாமல் கொடுத்தார்கள். அலறல் நின்றது, தூங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவிடும், பெரும்பாலும் தெளியும் என்றார்கள். அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். எலும்பு கூடிவிட்டது. புத்தி கூடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து "இந்தா புள்ள" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நேற்று காபியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

பிறந்த ஊரைச் சொன்னேன். "பாடாலூரு."

"அட, நான் அங்கதாங்க பொண்ணு எடுத்திருக்கேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.