ரோசலியாவை ஏசிய இரவு

என்னோடு சேர்ந்து செபிக்கிற சகோதரங்களே, இதை நான் சாந்தமாக எழுதப்போவதில்லை. ஒரு வருடமாகியும் என் கோபம் ஆறவில்லை. நன்றி இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கோபமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்து ஒரே அடுப்பில் சமைக்கின்றன. ஒன்றை வெளியே அனுப்பிவிட்டு மற்றதை மட்டும் உங்கள் முன் கூட்டிவர எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி ரஞ்சியின் தம்பி யூட் சாக இருந்தான். போன வருடம், விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை இரவு, பனி மலைச் சரிவில், ஒரு இயந்திரத்தின் முன்னால். அவன் ஏன் சாகவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பலெர்மோவில் பனியா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே கபோ சந்தையில் தோடம்பழம் குவித்து விற்கிற அதே மாதத்தில், மேலே மதோனியே மலைகளில் சனங்கள் பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள். பகல் முழுக்க அவர்கள் சறுக்கிச் சறுக்கிச் சரிவைக் கிண்டிவிட்டுப் போவார்கள். இருட்டியபின் நாங்கள் ஏறுவோம். சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டி. முன்னால் பனியைத் தள்ளுகிற அகன்ற தகடு, பின்னால் சுழன்று சுழன்று பனியைச் சீவுகிற பல்லுருளை. விடியும்போது மலை, தலைவாரி விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிவரியாகக் கிடக்கும். அதைப் பார்க்கிற சுகத்துக்காகவே அந்த வேலையில் நான் நின்றுவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

இத்தாலியர் அந்த வண்டியைப் பனிப் பூனை என்கிறார்கள். அதனால் கபோவில் எங்கள் ஆட்களுக்கு நான் பகிடி. "பூனை மேய்க்கிற அண்ணை வாறார், பால் கிடந்தா ஊத்துங்கோ" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு போவேன்.

எங்கள் மலையில் இரண்டு பூனைகள். பெரியதை ஓட்டுபவர் தொத்தோ, பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த, பென்சனுக்குக் கிட்டின மனுசன். சின்னதை நான் ஓட்டினேன். யூட்டுக்கு வண்டி இல்லை. அவனுக்குக் கால்தான். சரிவின் ஓரத்தில், பள்ளம் தொடங்குகிற இடத்தில், எல்லைக் கம்புகள் நட்டிருக்கும். காற்றுக்கு அவை சாயும். யூட் நடந்துபோய் அவற்றை நிமிர்த்தவேண்டும். நிமிர்த்திவிட்டுப் பாதுகாப்பான பக்கம் ஏறியபின் ரேடியோவில் ஒரேயொரு வார்த்தை சொல்லவேண்டும்: "வா." இத்தாலியனில் அதற்குப் 'போ' என்று அர்த்தம். அது கேட்டால் தொத்தோ வண்டியை இறக்குவார். கேட்காதவரை அசையமாட்டார். அதுதான் ஒழுங்கு.

தமிழில் அதே சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மூவரில் ஒருவருமே அதை யோசித்ததில்லை. ஏனென்றால் யூட் என்னை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை. நான் அவனுடைய அக்காவின் புருசன். எனக்கு எப்போதும் 'வாங்கோ அத்தான்'தான்.

நத்தார்ப் பண்டிகையிலிருந்து அதுவும் இல்லாமல் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் முன்னால் அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "நீங்கள் சூடு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்துகொண்டு கவனம் யூட், கவனம் யூட் எண்டுறியள். நடக்கிறது ஆர் அத்தான்?"

அவன் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது. கண் தெரியாத பனிப்புகாரில் ஆளை நடக்க விடாதீர்கள் என்று நான் மேலாளரிடம் கேட்டிருந்தேன், கெஞ்சியும் இருந்தேன். மேலாளர் சிரித்தார். நான் கேட்டதை யூட் நம்பவில்லை. அவனுக்கு முன்னால் நான் கேட்டதில்லை என்பது அவன் பக்கத்து நியாயம். அன்றிலிருந்து எங்களுக்குள் ரேடியோ மட்டும்தான். அதிலும் கம்பைப் பற்றித்தான் கதை, இல்லாவிட்டால் சண்டை. தொத்தோவுக்கு ஒன்றும் விளங்காது. தமிழர் இரண்டு பேர் காதுக்குள் இரைகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை கர்னவாலே, தவக்காலத்துக்கு முந்தின களியாட்டம். அடுத்த நாள் பாதிப் பலெர்மோ மலைக்கு ஏறிவரும். பின்னேரமே காற்றுப் பிடித்துவிட்டது. இருளோடு புகாரும் இறங்கியது. என் விளக்கு வெளிச்சம் தகட்டைத் தாண்டவில்லை. மேலாளர் வந்து சரிவு நாளைக்கு மேசை மாதிரி இருக்கவேண்டும் என்றார். யூட்டை அனுப்பவேண்டாம், கம்பில்லாமலே ஓரத்தை விட்டுச் சீவுகிறோம் என்று சொன்னேன். இந்த முறை யூட்டுக்கு முன்னால்தான் சொன்னேன். மேலாளர் என் தோளில் தட்டினார். தன் காரில் ஏறினார். வீட்டுக்குப் போனார்.

அந்தத் தட்டு இன்னும் என் தோளில் இருக்கிறது.

யூட் என்னைப் பார்க்காமல் புகாருக்குள் நடந்தான். தொத்தோ சரிவின் மேலே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நான் கீழே, மறுபக்கத்தில் நின்றேன். காற்று வண்டிக் கண்ணாடியில் மண் அள்ளி எறிவது போலப் பனியை எறிந்தது. நேரம் போனது. கம்பு நிமிர்த்துகிற நேரத்தைவிடக் கூடப் போனது.

பிறகு ரேடியோவில் யூட்டின் குரல்.

"வா... வா."

சகோதரங்களே, உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சுரீர் என்றது. இவன் என்னை வா என்கிறானோ? எனக்கு இவன் வா போட்டுக் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டானோ? ஒரு மூச்சு நேரம் அந்தக் கோபத்தில் போனது. அதற்குப் பிறகுதான் குரலில் இருந்தது எனக்கு எட்டியது. அது கூப்பிடுகிற குரல் இல்லை, விழுந்து கிடக்கிறவனின் குரல். மரியாதை கழன்று விழுகிற அளவுக்கு வலி. பெரியவர், சின்னவர், அத்தான், மச்சான் எல்லாம் போய், பிள்ளை தாயைக் கூப்பிடுகிற மாதிரி வெறும் வா.

அதே நேரம் மேலே, புகாருக்குள் மங்கலாய்த் தெரிந்த தொத்தோவின் விளக்குகள் அசைந்தன.

அவருக்குக் கேட்டது 'போ.' யூட்டின் குரல், யூட்டின் வார்த்தை, ஒழுங்கின்படி. அவர் போனார். ஓரத்தை நோக்கி, யூட் கிடக்கிற இடத்தை நோக்கி, தகட்டை இறக்கிக்கொண்டு. அந்த மலையில் அந்த ஒரு சத்தத்தை இரண்டு மொழியிலும் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

ரேடியோவை எடுத்துப் பொத்தானை அமத்தினேன். நிறுத்து என்பதற்கு இத்தாலியனில் ஒரு வார்த்தை இருக்கிறது. இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. எத்தனை வருடமாக அந்த மொழியில் சந்தைக்குப் போகிறேன், வேலை செய்கிறேன், கனவும் கண்டிருக்கிறேன். அந்த நேரம் என் வாயில் அது இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது மண்டை. "நில், நில்லு, அவன் கிடக்கிறான், நில்லு" என்று தமிழில்தான் கத்தினேன். யூட்டின் ரேடியோவிலிருந்து சத்தமே இல்லை. தொத்தோ மட்டும் பதில் சொன்னார். திரும்பவும் தொடங்கிவிட்டீர்களா, கர்னவாலே அன்றைக்குமா என்று சிரித்தார். விளக்குகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

அப்போது நான் மனிதரை விட்டுவிட்டேன்.

நாங்கள் குடும்பமாகப் பெல்லெகிரினோ மலைக்கு, பலெர்மோவின் காவல் தாயான புனித ரோசலியாவின் குகைக்கு நடந்து போகிறவர்கள். யூட் வெறுங்காலோடு ஏறுகிறவன். பலெர்மோக்காரரே வாகனத்தில் போக, இவன் கல்லிலும் முள்ளிலும் ஏறுவான். அதுதான் எனக்கு நினைவு வந்தது. அது பக்தியாக வரவில்லை. கணக்குத் தீர்க்கிற மாதிரி வந்தது. நான் அழவில்லை, மன்றாடவில்லை. ஏசினேன்.

"ரோசலியா! உனக்குக் காது இல்லையோ? வெறுங்காலோடை உன்ரை மலை ஏறினவனை இந்த மலையிலை அரைக்கப் பாக்கிறியோ? ரோசலியா! எழும்படி! ஆண்டவரிட்டைப் போய்ச் சொல்லு, இது அநியாயம் எண்டு சொல்லு!"

ஒரு புனிதையை 'அடி' போட்டு 'எழும்படி' என்று கூப்பிட்டேன். இதைவிட மோசமாகவும் சொன்னேன், அதை எழுதமாட்டேன்.

ஏசத் தொடங்கியபின் என் பெருவிரல் ரேடியோப் பொத்தானில் இருந்து எடுபடவே இல்லை. பயத்தில் விறைத்துப்போய் அதிலேயே கிடந்தது. நான் மோட்சத்துக்குக் கத்தியது அவ்வளவும் தொத்தோவின் காதுக்குள் போனது.

தொத்தோ பின்னர் சொன்னது இது. எங்கள் இரைச்சலில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ரோசலியா விளங்கியது. பலெர்மோவில் ஒருவன் அந்தப் பெயரை அந்தக் குரலில் கத்தினால், ஒன்றில் ஆள் செத்திருக்கும், இல்லாவிட்டால் சாகப்போகிறது. கை தன்பாட்டில் வண்டியை நிறுத்தியது என்றார். நிறுத்திவிட்டுத்தான் ஏன் நிறுத்தினேன் என்று யோசித்தாராம்.

நான் இறங்கி மேலே ஓடினேன். பனியில் ஓடுவது ஓட்டமில்லை, விழுந்து எழும்புவது. தகடு தள்ளிவந்த பனி யூட்டின் நெஞ்சுவரை மூடியிருந்தது. தகட்டுக்கும் அவன் முகத்துக்கும் இடையில் எங்கள் சமையலறையின் அகலம்கூட இல்லை. தொத்தோ கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பனியை அள்ளிக்கொண்டிருந்தார், அழுதுகொண்டு. யூட் ஓரத்துக் குழிக்குள் விழுந்து முழங்கால் திரும்பிக் கிடந்தான். வா என்று கூப்பிட்டபின் கைநழுவிய ரேடியோ எட்டாமல் பனிக்குள் கிடந்தது. ஆனால் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

குளிரில் பல்லுக் கிடுகிடுக்க அவன் என்னைக் கேட்டான்: "ஆரை அத்தான் அப்பிடி ஏசினியள்? வண்டியைவிட உங்களுக்குத்தான் பயந்துபோனன்."

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அடிக்கவும் வேண்டும் போல இருந்தது.

இதோடு முடிந்தால் இது நல்ல சாட்சி. முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் யூட்டின் காலுக்குக் கம்பி வைத்த அடுத்த நாள் மேலாளர் என்னையும் தொத்தோவையும் கூப்பிட்டார். அவர் கண்டுபிடித்த குற்றம் என்ன தெரியுமா? தமிழ். இனி ரேடியோவில் தமிழ் ஒரு சொல்லும் கேட்கக்கூடாது என்றார். புகாரில் ஒரு மனிதனைக் காலால் நடக்கவிட்டவர், விளக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பியவர், வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், எங்கள் நாக்கைக் குற்றவாளியாக்கினார்.

எனக்கு முன்னால் தொத்தோ எழும்பினார். "இத்தனை குளிர்காலம் உன்ரை இத்தாலியனைக் கேக்கிறன். ஒருநாளும் வண்டியை நிப்பாட்டத் தோன்றேல்லை. அவன்ரை தமிழ்தான் என்னை நிப்பாட்டினது" என்றார். தொத்தோ இதைப் பலெர்மோப் பேச்சில் சொன்னார். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது.

அன்றைக்கு நான் இதுவரை செய்யாததைச் செய்தேன். சாவியை மேசையில் வைத்தேன். தொத்தோவும் வைத்தார். ஆள் நடக்கும்போது இரண்டு வண்டியும் எஞ்சின் நிறுத்தவேண்டும், புகாரில் ஆள் இறங்கவே கூடாது, இது எழுத்தில் வரும்வரை பூனை எழும்பாது என்றோம். சரிவு சீவப்படாமல் கிடந்தது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மேலாளர் கத்தினார், வேறு ஆள் எடுப்பேன் என்றார். அந்த இரண்டு வண்டியையும் அந்தச் சரிவில் ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கையெழுத்து வைத்தார். போ என்பதற்கும் இப்போது வேறு வார்த்தை. தமிழில் எந்த அர்த்தமும் இல்லாத வார்த்தை.

என் முறைப்பாடு உங்களோடும் உண்டு. இதைச் செபக்கூட்டத்தில் முதலில் சொன்னபோது, கூட்டம் நடத்துகிற பிலோமினா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த ஏச்சை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லும் தம்பி, சனங்களுக்கு இடறலாய்ப் போகும் என்றார். துன்பத்துக்கும் தோத்திரம் சொல்லப் பழகவேண்டும் என்றார் இன்னொருவர். எனக்கு அந்த இடத்திலேயே கொதித்தது. நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்: "அக்கா, அதை எடுத்தா தொத்தோ நிக்கமாட்டார்."

அவர் சிரிக்கவில்லை. பிறகு அவருடைய கண் கலங்கியது. தன் மூத்த மகனைப் பற்றி, ஒருநாளும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றை, அந்தத் தேவாலயப் படியில் நின்று சொல்லத் தொடங்கினார்.

நான் என்ன கற்றேன் என்று கேட்டால், எனக்கு இதுதான் தெரியும். அதுவரை என் செபம் மடித்துப் பெட்டிக்குள் வைத்த நல்ல சேலை மாதிரி இருந்தது. ஞாயிறுக்கு மட்டும். அன்றைக்குக் கிழிந்த துணியோடு ஓடினேன். ஆண்டவர் துணியைப் பார்க்கவில்லை. ரோசலியாத் தாய் என் வாய்க்கொழுப்பைக் கணக்கெடுக்கவில்லை, போய்ச் சொன்னாள். மோட்சத்துக்கு எறிந்தது ஒரு கிழவனின் காதில் விழுந்தது. அது தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. என் விரலை அந்தப் பொத்தானில் பிடித்துவைத்தது ஆர் என்று மட்டும் அவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

ஆகவே, வாயை மூடிக்கொண்டு அழுகிற சகோதரங்களே, வீட்டுக்காரச் சினியோரா அம்மாவின் சமையலறையில், சியாகுல்லி தோட்டங்களில், வரிசையில் நின்று களைத்த இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு தோத்திரம் சொல்கிறவர்களே, சத்தம் போட்டுச் செபியுங்கள். கோபம் என்றால் கோபத்தோடு வாருங்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கட்டும். ஆண்டவர் ஒருவேளை அவனைத்தான் அனுப்பப்போகிறார்.

யூட் இந்தக் குளிர்காலம் மலைக்குத் திரும்பிவிட்டான். நொண்டுகிறான். நடக்கிற வேலை இல்லை, தொத்தோவின் பக்கத்தில் இருந்து பெரிய வண்டி பழகுகிறான். ஓட்டம் மோசம். சரிவின் நடுவில் கோணல் கோணலாய் வரி போடுகிறான். நேற்றும் ரேடியோவில் அதைச் சொல்லி நல்லாய் ஏசினேன். அவனும் விடவில்லை, திருப்பி ஏசினான்.

சண்டை பிடிக்க ஆள் இருக்கிறான். ஆண்டவரே, உமக்கு நன்றி.