மூன்று முறை வாசித்த படிவம்

தண்டனை அனுபவித்தவர் குடியிருப்போர் சங்கக் கமிட்டிக்கு வரலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக வரலாம் என்று அடித்துச் சொல்வேன். எங்கள் மோட்டார் ரூம் சாவி இப்போது அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால், வரவே கூடாது என்று இதே வேகத்தில் சொல்லியிருப்பேன்.

ஓசூரில், பாகலூர் ரோட்டில் எங்கள் அடுக்ககம். நாற்பது வீடுகள். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். எதற்கும் ஒரு செக்லிஸ்ட் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கமிட்டித் தேர்தலுக்கு நிற்பவர்களுக்கு நானே ஒரு படிவம் தயாரித்தேன். 'உங்கள் மீது வழக்கு, தண்டனை உண்டா? ஆம் / இல்லை.' ஆம் என்றால் கீழே விவரம் எழுத வேண்டும்; மனு தள்ளுபடி.

நான் குறிவைத்தது இரண்டாம் மாடி மெக்கானிக்கை. அடிதடியில் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று பேச்சு. மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாத தொல்லையைத் தீர்க்கக் கமிட்டியில் ஓர் இடம் வேண்டும் என்று அவர் நின்றார். நானும் நின்றேன். ஏழு படிவங்கள் வந்தன. அவருடையதில் மட்டும் 'ஆம்'.

எங்கள் கூட்டத்தில் எதைத் தமிழில் வாசித்தாலும் ஒருவர் கன்னடத்திலும் இன்னொருவர் தெலுங்கிலும் திருப்பிச் சொல்வார்கள். லிஃப்ட் ரிப்பேர் என்றாலும் மூன்று முறை. படிவம் போட்டபோது இது என் மண்டையில் ஏறவில்லை. அவருடைய குற்றத்தை நான் தமிழில் வாசித்தேன்: கம்பியால் ஒருவரைத் தாக்கியது, இரண்டு வருடம் சிறை. அவர் எழுந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னடத்தில் சொல்லும் டீச்சரம்மாவுக்கு மனசு வரவில்லை. ஏதோ சின்னச் சண்டை என்று முடித்துவிட்டார்.

"இல்லம்மா," என்றார் மெக்கானிக். சின்னச் சண்டை இல்லை, அந்த ஆளுடைய வலது கை இன்றும் சரியாக மடங்காது, அடித்தது நான்தான் என்று கன்னடத்திலேயே சொன்னார். தெலுங்குக்காரர் வாயைத் திறப்பதற்குள் அதையும் அவரே சொல்லி முடித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மழுப்பியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

"மோட்டாரு நின்னா அவரு வீட்டுக் கதவத்தான் தட்டறோம். கமிட்டிக்கு மட்டும் ஆகாதாங்க?" என்றார் பின்வரிசையில் ஓர் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கையிலிருந்த படிவங்களில் அடுத்தது என்னுடையது. அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊரில், வரப்புத் தகராறில் சித்தப்பா மகனை மண்வெட்டிக் காம்பால் அடித்தவன் நான். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, அன்றைக்கே ஓசூருக்கு பஸ் ஏறினேன். அபராதம் கட்டினால் அது கேஸே இல்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே ஓகே முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இதுல ஒரு தப்பு இருக்கு. என்னுதும் 'ஆம்'தான்," என்றேன். நடந்ததைத் தமிழில் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

டீச்சரம்மா தயங்கினார். "சார், இதையும் கன்னடத்துல சொல்லணுங்களா?"

மெக்கானிக் இன்னும் உட்காரவில்லை.

"சொல்லுங்கம்மா. தெலுங்குலயும் சொல்லச் சொல்லுங்க," என்றேன். இரண்டும் முடியும்வரை நானும் நின்றேன்.