மீன் விளிம்புச் சில்லுகள்

நம்பாதவர்கள் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகருக்குப் போய் லவனின் வலதுகை ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டு வரலாம். இது உண்மையாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில், நல்ல வெயில் எறிக்கும்போது.

பழைய கசினோக்களில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடிய வட்டச் சில்லுகளைப் பார்த்து, எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்வதில் லவன் கெட்டிக்காரன். முதலில் மேசையில் போட்டுச் சத்தம் கேட்பான். களிமண் கலந்ததென்றால் 'டொக்'. பிளாஸ்டிக் என்றால் 'டிங்'. பிறகு ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து விளிம்பைத் தேய்ப்பான். செய்தவர் வைத்த அச்சு விரலில் தட்டுப்படும். சின்ன வயதில் சைக்கிள் செயின் வெட்டிய தழும்பு ஒன்று அந்த விரல் நுனியில் சரிவாகக் கிடந்தது. அவன் சொன்னால் சேகரிப்பவர்கள் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள்.

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை. சரியாக 2:00 மணிக்குக் கொறற்றி வந்தார். கணவர் ஜேசுரட்ணம் இறந்து மூன்று மாதம். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பன்னிரண்டு சில்லுகள்.

"தம்பி, இவர் அகதியா வந்த புதுசிலை எசன் நகரத்திலை ஒரு பட்டறையிலை நிண்டவர். இது தன்ர கையாலை செய்தது எண்டு சொல்லுவார். ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

டொக்.

விளிம்பைத் தேய்த்தான். குட்டிக் குட்டி மீன்கள். சேகரிப்பவர்கள் வருடக்கணக்காகத் தேடும் மீன் விளிம்பு. செய்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது இவனுக்குத் தெரியும். பாவி, வாய் கூசாமல் சொன்னான்.

"இல்லை அன்ரி. இது கடையிலை வாங்கின விளையாட்டுச் சாமான்."

"அப்ப முப்பது வருசமா எனக்குப் பொய்யோ சொன்னவர்?"

லவன் டின்னை மூடினான்.

"எறிஞ்சு விடும். எனக்கு வேண்டாம்."

டின்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

3:10. விற்பதற்குச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தான். ஜேசுரட்ணத்தின் பெயர் வெளியே வந்தால் கொறற்றி திரும்பி வருவாரே என்ற பயம். 'செய்தவர்' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினான்.

டொக்.

டின் மூடியிருந்தது. யாரும் தொடவில்லை.

அடுத்த வரியை எழுதினான்.

டொக்... டொக்...

மூடியைத் திறந்தான். மெசின் எண்ணெய் மணம். மேலே கிடந்த சில்லை எடுத்து, பழக்கதோசத்தில் விரலை நனைத்து விளிம்பில் வைத்தான். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சுட்டது.

விரலை எடுக்க முடியவில்லை.

ஒட்டிக்கொண்டது.

காதுக்குப் பக்கத்தில் சில்லு அச்சடிக்கும் பிரஸ் மெசின் இறங்கும் சத்தம்... புஸ்ஸ்ஸ்...

டங்.

3:14. சில்லு குளிர்ந்து கீழே விழுந்தது. விரலில் காயமில்லை. வலியுமில்லை.

மூன்று நாள் கழித்துக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் டெர்மின், முன்பே பதிந்துவைத்த நேரம். கைரேகைக் கருவி இடது ஆள்காட்டி விரலை எடுத்தது. வலதை எடுக்கவில்லை. நான்கு முறை வைத்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகை இல்லை. தழும்பும் இல்லை. வழுவழுவென்று வெறும் தோல்.

அன்றே டின்னைத் தூக்கிக்கொண்டு கொறற்றி வீட்டுக்கு ஓடினான்.

"அவர்தான் செய்தவர் அன்ரி. நான்தான் பொய் சொன்னனான்."

கொறற்றி ஏசவில்லை.

"அண்டைக்கு வீட்டை வந்து, இவரின்ர படத்துக்கு முன்னாலை நிண்டு அழுதனான். அந்தத் தம்பி உம்மைப் பொய்யன் எண்டு சொல்லிப்போட்டுது எண்டு சொன்னனான். மூண்டு பத்து இருக்கும்."

படம் சுவரில் இருந்தது. பிரஸ் மெசினுக்குப் பக்கத்தில் ஜேசுரட்ணம். வலது உள்ளங்கையை விரித்து, நடுவில் ஒரு சில்லை வைத்துக் காட்டுகிறார்.

"இந்த மெசின்தான் இவரின்ர ஆள்காட்டி விரலை எடுத்தது. படம் அதுக்குப் பிறகு எடுத்தது. நாலு விரல்தான்..."

கொறற்றியின் பேச்சு நின்றது. சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

படத்தில் ஐந்து விரல்கள் இருந்தன.

ஆள்காட்டி விரல் நுனியில், சைக்கிள் செயின் வெட்டிய தழும்பு சரிவாகக் கிடந்தது.