வியாழக்கிழமைத் தண்ணீர்

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியம் படிக்க வேலூருக்குப் போனவள் நான். பாலாறு என்ற பெயரைக் கேட்டு, கரை புரளும் தண்ணீரை மனதுக்குள் ஓடவிட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். போய்ப் பார்த்தால் வெறும் மணல். அதற்குள் மாட்டு வண்டிகள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்கே அந்த ஊரின்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருஷம் அந்தக் கோபத்தை வாடவிடாமல் பார்த்துக்கொண்டேன். வெயில் குற்றம், குழம்பு குற்றம், என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் விடுதிப் பெண்கள் எல்லாரையும்விடப் பெரிய குற்றம். அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதங்களை இன்று படித்தால் எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.

கடைசி வருஷத்தில் வியாழக்கிழமைதோறும் மோட்டார் வண்டியில் ஆம்பூருக்குப் போகவேண்டும். ஆண் டாக்டர்களிடம் காட்டிக்கொள்ளாத முஸ்லிம் பெண்களுக்காக, தோல் வியாபாரி ஒருவர் வீட்டுப் பின்கட்டில் வைத்தியம் நடக்கும். வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர், ஒரு நர்ஸ், மாணவியாக நான். அந்த வீட்டு எஜமானியை எல்லாரும் ஆபா என்பார்கள். அவர்கள் பேசும் உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஐம்பது வயதிருக்கும். வந்த பெண்களை அதட்டி வரிசையில் உட்காரவைப்பது அவர்தான். பரீட்சையே எழுதாத என்னையும் முதல் நாளே டாக்டரம்மா ஆக்கிவிட்டார்.

நான் போகிற இடமெல்லாம் ஒரு பித்தளைக் கூஜாவும் வரும். திருகுமூடி போட்டது, அம்மா கொடுத்தனுப்பியது. முதல் வியாழன் ஆபா தம்ளரில் தண்ணீர் நீட்டியபோது, காய்ச்சாத தண்ணீரில் கிருமி இருக்கும், நாங்கள் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு என் கூஜாவைத் திறந்தேன். கிருமி உண்மை, காரணம் பொய். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். ஞாயிறு ஆராதனை தவறாது. ஆனாலும் வேற்றார் வீட்டுச் செம்பில் வாய் வைக்காத குடும்பம். அந்த வழக்கத்தைக் காப்பாற்ற நான் படித்த படிப்பைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. சித்திரை வெயிலில் ஒரு நாள், காதுக்கு மருந்து விடப் பிடித்த குழந்தை எட்டி உதைத்ததில் கூஜா உருண்டு அவ்வளவு தண்ணீரும் முற்றத்தில் ஓடிவிட்டது. மத்தியானத்துக்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆபா உள்ளே போய், மூடிவைத்திருந்த ஒரு பானையிலிருந்து மொண்டு வந்தார். காய்ச்சி ஆறவைத்ததுதான் என்றார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

கிருமி என்று நான் சொன்ன மறுவாரத்திலிருந்தே ஒவ்வொரு வியாழனும் விடியற்காலையில் எனக்கென்று தண்ணீர் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அந்தப் பானையில் எடுத்துவைக்கிறார்கள் என்பதைத் திரும்பும் வழியில் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் தொடாத தண்ணீர் சாயங்காலம் முருங்கை மரத்துக்குப் போய்விடுமாம். வேலூர் வரும்வரை அழுதேன். வெயில் தாங்கவில்லை என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழனிலிருந்து கூஜா விடுதியிலேயே இருந்தது. ஆபா வீட்டுச் சாயா குடித்தேன், பிரியாணி சாப்பிட்டேன், கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ஆவாரம்பட்டையில் தோல் ஊறும் வாடை பட்டது என்று முன்பெல்லாம் புடவையை இரண்டு முறை அலசியவள் நான். இப்போது ஊருக்குள் நுழையும்போது அந்த வாடை வந்தால் எனக்குப் பசித்தது. பாலாற்று மணல்கூட அழகாகத்தான் இருந்தது.

பரீட்சையில் தேறினேன். ஊர் ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயமாகிவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று அப்பா எழுதினார். மூன்று வருஷம் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எதிர்பார்த்த கடிதம், வேண்டாத நேரத்தில் வந்து தொலைத்தது. போவதற்குமுன் ஆபாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அப்புறம் அவர் என் முகத்தில் விழிப்பாரா என்று பயமாக இருந்தது. சொல்லாமல் போனாலோ, அந்த வீடு என் வீடு என்று எந்த வாயால் சொல்லிக்கொள்வது?

கடைசி வியாழன் கூஜாவைக் கையோடு எடுத்துப் போனேன். எல்லாரும் போனபிறகு அதை ஆபா முன்னால் வைத்து, கிருமிக்குப் பயந்து இதைத் தூக்கி வரவில்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொத நாளே தெரியும். வெள்ளைக்கார டாக்டரம்மாவே எங்க வீட்டு சாயா குடிச்சிட்டுப் போறாங்க. கொதிக்கிற சாயாவுல உங்களுக்கு மட்டும் இன்னா கிருமி?"

தெரிந்துமா இத்தனை மாதம் காய்ச்சினீர்கள் என்று கேட்டேன்.

"வாரம் தவறாம வீட்டுக்கு வர்ற பொண்ணு. ஒரு நாளைக்காவது தாகம் எடுக்காமயா போய்டும்?"

கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பானைத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகிக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை நீங்கள் என்றே பேசியவர் அப்போதுதான் முதல் தடவையாக, "கப்பல்ல கண்ட தண்ணியும் குடிக்காத. இத்த குடி" என்றார்.

மறுநாளே வேலூரில் ரயில் ஏறினேன். விழுப்புரத்தில் மாறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, வழியெல்லாம் மிடறு மிடறாகத்தான் குடித்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கால் கூஜா மிச்சமிருந்தது. அம்மா அதைக் குலுக்கிப் பார்த்தார். வழியில் எங்கே பிடித்த தண்ணீரோ என்று வாழையடியில் கொட்டிக் கழுவுவதற்காக மூடியைத் திருகினார்.

நான் கையிலிருந்து பிடுங்கினேன்.

"கொட்டாதேங்கோ அம்மா. எங்கட வீட்டுத் தண்ணி."

தண்ணீர் வெதுவெதுத்துப் பித்தளை வாடை அடித்தது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.